கொள்ளுப்பாட்டி பேர் என்ன? – பூர்வீகம் தேடும் வாசகர்களுக்குப் பதில்கள்

பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார், பூர்வீகம் தேடும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் அப்பா சென்ற ஆண்டு தவறினார். அவருடைய டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பிரெஞ்சுக் காகிதங்கள் இருந்தன. தாத்தா சைகோனில் சுங்கத்தில் வேலை பார்த்தவர் என்று தெரியும். பாட்டி காரைக்கால் பக்கத்துப் பெண், அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் அப்பாவின் பிறப்புப் பதிவில் தாயார் பெயர் 'நுயென் தி' என்று தொடங்குகிறது. அப்பாவின் அக்காவுக்கு 84 வயது. கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, புதுச்சேரி

பதில்: உங்கள் பாட்டி வியட்நாம் பெண். நுயென் என்பது அந்த நாட்டில் பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு இருக்கிற குடும்பப் பெயர். அதை மட்டும் வைத்து யாரையும் தேடிப் பிடிக்க முடியாது. நடுவில் உள்ள 'தி' பெண்களின் பெயரில் வருவது. மூன்றாவதாக இருப்பதுதான் வீட்டில் அவரைக் கூப்பிட்ட பெயர். அதை ஒரு எழுத்துக்கூட விடாமல் குறித்து வையுங்கள். எழுத்தின் மேலும் கீழும் புள்ளியோ கோடோ இருந்தால் அதையும் அப்படியே வரைந்துகொள்ளுங்கள்.

வியட்நாம் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. பிரெஞ்சுப் பதிவேடும் ஒரு பெண்ணை அவருடைய பிறந்த வீட்டுப் பெயரில்தான் எழுதும். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் 'மேற்படியார் பாரியாள்' (மனைவி) என்பதோடு முடிந்துபோன பெண்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பாட்டி அப்படி மறைந்துவிடவில்லை. முழுப் பெயரும் தாளில் இருக்கிறது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. 1859இல் சைகோன் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஒரு ஆணை வந்தது. தங்கள் சாதி வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்றது. இவர்களைத்தான் பெரியவர்கள் 'ரெனோன்சான்' என்பார்கள். இப்படிப் பெயர் மாற்றியவர்கள் பலர் சைகோனில் சுங்கம், தபால், போலீஸ், கோர்ட்டு என்று உத்தியோகம் பார்த்தார்கள். அப்புறம் பட்டாளத்துக்குப் போன 'சொல்தா'க்கள் வேறு. பலரும் தனி ஆளாகப் போன இளவட்டங்கள். அங்கேயே குடும்பம் ஆனார்கள். சிலர் மனைவியோடு ஊர் திரும்பினார்கள். சிலர் பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். இன்றும் புதுச்சேரியில் சில வீடுகளில் விசேஷ நாளென்றால் 'நெம்' என்ற வியட்நாம் பலகாரம் சுருட்டிப் பொரிக்கிறார்கள். அந்தக் கைப்பக்குவம் சைகோனிலிருந்து வந்த மனைவிமாரும் மருமகள்களும் கொண்டுவந்தது.

இனி காகிதத்துக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பது பிறப்புப் பதிவின் சுருக்கமா, முழு நகலா என்று பாருங்கள். முழு நகல்தான் வேண்டும். பெற்றோரின் வயது, பிறந்த ஊர், தொழில், குடியிருப்பு எல்லாம் அதில்தான் வரும். விளிம்பில் பின்னாளில் எழுதிய குறிப்புகளும் இருக்கும். அந்த விளிம்பை முதலில் படியுங்கள். தாத்தாவும் பாட்டியும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்திருந்தால், தகப்பனார் குழந்தையைத் தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்ட அங்கீகாரப் பதிவு தனியாக இருக்கும். அதிலும் தாயார் பெயர் வரும்.

பழைய பிரெஞ்சுக் காலனிகளின் பதிவேடுகளில் நூறு வருடம் தாண்டியவை பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஊரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் பதிவுக்கு நூறு வருடம் ஆகியிருக்காது. அதற்கு நாந்த் நகரில் உள்ள மத்தியக் குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். நேர் வாரிசு என்று காட்டினால் முழு நகல் தருவார்கள், கட்டணம் கிடையாது. தாத்தாவின் தலைமுறையைத் தேடும்போது வருடம் தெரியாவிட்டால் பத்தாண்டுக்கு ஒருமுறை போட்ட அகரவரிசைப் பட்டியலைப் பாருங்கள். பக்கம் பக்கமாகப் புரட்டுகிற வேலை மிச்சம்.

அத்தை விஷயம்தான் எனக்கு மனசில் நிற்கிறது. அவருக்கு 84 என்றால், தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அவர் விவரம் தெரிகிற வயதுப் பிள்ளை. அம்மாவின் முகமும் குரலும் நினைவிருக்கலாம். அந்த அம்மா இறந்துபோனாரா, துறைமுகத்தில் நின்றுவிட்டாரா என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். எழுபது வருடத்துக்கு மேல் அதைச் சொல்லாமல் இருக்கும்படி யாரோ ஒரு குழந்தைக்குச் சொல்லியிருக்கிறார்கள். காகிதத்தை அவர் முன் நீட்டி 'ஏன் மறைத்தீர்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'சின்ன வயதில் உங்களுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் அத்தை? அம்மாவை என்னவென்று கூப்பிடுவீர்கள்?' என்று கேளுங்கள். வியட்நாமில் அம்மாவைக் கூப்பிடுகிற 'மா' என்றோ 'மே' என்றோ வாயில் வந்தால் அதுவே பெரிய விஷயம். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் அவராகவே பேசுவார்.

கேள்வி: எங்களிடம் எந்தக் காகிதமும் இல்லை. நிலம் கிடையாது, பத்திரம் கிடையாது. கூலி வேலை பார்த்த குடும்பம். எங்களைப் போன்றவர்கள் பூர்வீகம் தேடவே முடியாதா? – வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: முடியும். காகிதம் என்றால் பத்திரமும் பட்டாவும் மட்டும்தான் என்ற நினைப்பை எங்கள் துறைதான் வளர்த்துவிட்டது. உங்கள் வீட்டிலோ பெரியப்பா, சித்தப்பா வீட்டிலோ பழைய மொய் நோட்டு இருக்கிறதா என்று பரணில் பாருங்கள். நான் பார்த்த மட்டில் வம்சவழி தேட அதைவிட நல்ல ஏடு கிடையாது. மேலே பிள்ளையார் சுழி, கல்யாணத் தேதி, அப்புறம் ஊர்வாரியாக ஆட்கள். 'பந்தல்குடி, இன்னார் மகன் இன்னார், ரூ. 2.' அந்த இரண்டு ரூபாய் எழுதிய ஆள் யார், எந்த வழியில் சொந்தம் என்று வயதானவர்களிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே போகலாம். தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைத் தனியாகப் பாருங்கள். அந்த ஊர்தான் உங்கள் பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ பிறந்த ஊர். ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டால் கோயில் கிடைக்கும். கோயில் கிடைத்தால் அங்கே வரி கொடுக்கிற பங்காளிகள் கிடைப்பார்கள்.

இன்னொன்று, பாத்திரம். அடுக்களையில் பழைய பித்தளைக் குடம், அண்டா, சருவம், தூக்குவாளி எது இருந்தாலும் கழுத்து விளிம்பைப் புளி போட்டுத் துலக்கிவிட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணச் சீராக வந்த பாத்திரத்தில் பெரும்பாலும் பெண்ணின் பெயர்தான், முன்னால் அவளுடைய அப்பாவின் இனிஷியல், சிலதில் தேதியும் ஊரும். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பெண்களுக்குத் தங்கள் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அந்த விளிம்புதான். பழைய பித்தளை என்று எடைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. போடத்தான் வேண்டுமென்றால், பெயர் இருக்கும் இடத்தை ஒரு போட்டோவாவது எடுத்துவிட்டுப் போடுங்கள்.

கருமாதிப் பத்திரிகைகளையும் சேர்த்து வையுங்கள். கல்யாணப் பத்திரிகையில் விட்டுப்போகிற மகள்கள், பேத்திகள் பெயரெல்லாம் அதில் வந்துவிடும்.

கேள்வி: இரண்டு மாதம் முன்பு தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து ஒரு கணவன் மனைவி எங்கள் கிராமத்துக்கு வந்தார்கள். தமிழ் பேச வரவில்லை. 1890களில் இந்த ஊரிலிருந்து போனவர் எங்கள் கொள்ளுத்தாத்தா என்று ஒரு தாளைக் காட்டினார்கள். அதில் உள்ள அப்பா பெயர் எங்கள் பூட்டனார் பெயரோடு பொருந்துகிறது. எங்கள் வீட்டிலும் 'பெரிய தாத்தாவுடைய அண்ணன் ஒருத்தர் ஓடிப்போனார்' என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் அப்பா, 'நிலத்தில் பங்கு கேட்பார்கள், ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு' என்கிறார். அவர்கள் குலதெய்வம் எது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். – வாசகர், குடியாத்தம் அருகில்

பதில்: முதலில் அப்பாவின் பயம். நூறு வருடத்துக்கு மேலாக உங்கள் அனுபவத்தில், உங்கள் பெயர்ப் பட்டாவில் இருக்கிற நிலம் அது. டர்பனிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வத்தைக் கேட்டு வந்ததால் அதற்கு ஆபத்து வந்துவிடாது. வேண்டுமானால் உங்கள் ஊர் வக்கீலிடம் அப்பாவையே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். நான் எழுதுவதைவிட அவர் வாயால் கேட்டால் அப்பாவுக்கு மனம் ஆறும்.

அந்தத் தாள் என்னவென்று சொல்கிறேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேரைக் கரும்புத் தோட்டம், ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம் என்று ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டார்கள், கைக்குழந்தைக்கும் சேர்த்து. அந்த எண்ணுக்கு நேரே பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் இத்தனையும் எழுதியிருக்கும். நெற்றியில் தழும்பு, இடது முழங்காலில் மச்சம் என்கிற அளவுக்கு இருக்கும். நம் ஊரில் அந்தக் காலத்து ஏழை விவசாயி ஒருவரைப் பற்றி இவ்வளவு விவரம் வேறு எங்கும் கிடைக்காது. உங்கள் குடும்பத்தில் 'ஓடிப்போனவர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்ட ஆளின் தழும்பு வரைக்கும் அவர்கள் கையில் இருக்கிறது. அந்தத் தாளை ஒரு நகல் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தம் பார்க்கும்போது சில விஷயங்களில் ஜாக்கிரதையாக இருங்கள். அன்றைய வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம் சித்தூர். 1911இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. அதனால் 'வடஆற்காடு' என்று எழுதியிருந்தால் அது இன்றைய ஆந்திரத்துக் கிராமமாகவும் இருக்கலாம். தாலுகா பெயரையும் சேர்த்துப் பார்த்தபிறகுதான் 'எங்கள் ஊர்தான்' என்று முடிவு செய்ய வேண்டும். தாளில் சாதிக் கலத்தில் எழுதியிருப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கப்பலேறும் முன் கூலியாட்களை வைத்திருந்த டிப்போவில் நின்று பெயர் கொடுக்கும்போது, விட்டுவிட்டு வந்த வாழ்க்கையை அப்படியே சொல்ல வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. டர்பனில் இன்று கோவென்டர், மூட்லி, பிள்ளே, படையாச்சி என்று வழங்குகிற குடும்பப் பெயர்களும் நம் சாதிப் பட்டங்கள்தான். ஆனால் அதை வைத்து இன்னார் என்று அடித்துச் சொல்ல முடியாது.

வந்தவர்களிடம் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்: கொள்ளுத்தாத்தாவின் தாள் இருக்கிறது, கொள்ளுப்பாட்டியின் தாள் எங்கே? நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று அப்போது விதி வைத்திருந்தார்கள். விதவைகள், வீட்டில் அடிபட்டு வெளியேறியவர்கள், பஞ்சத்தில் தனியாகிவிட்டவர்கள் என்று பல பெண்கள் தனி ஆளாக வந்து ஏறினார்கள். டிப்போவிலேயே ஒருவரை ஒருவர் பார்த்து, கணவன் மனைவி என்று பதிந்துகொண்டவர்களும் உண்டு. அந்தக் கொள்ளுப்பாட்டிக்கும் தனி எண், தனிக் கிராமம் இருக்கும். அது விசாகப்பட்டினம் ஜில்லாவாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அப்படியானால் அவர்கள் வம்சத்தில் ஒரு தெலுங்கு வழியும் இருக்கலாம். அவர்களுக்கே இது தெரியாமல் இருக்கலாம். எண்ணைக் கேட்டுத் தேடச் சொல்லுங்கள்.

குலதெய்வத்தைச் சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: நாலு தலைமுறை தாண்டியும், மொழி போயும், சாமி பெயரைக் கேட்டு வந்திருக்கிறார்கள். பொங்கல் வைக்கிற நாளைத் தெரிவித்து அவர்களைக் கூப்பிடுவதுதான் முறை.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய காகிதம் ஒன்றில் எழுத்துகள் கொடி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடுகின்றன. மோடி எழுத்து என்றார்கள். அப்படியானால் நாங்கள் மராட்டியரா? – வாசகர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை மராட்டியர் அரண்மனை இருந்தது. அரண்மனைக் கணக்கும் உத்தரவும் மராத்தி மொழியில், மோடி எழுத்தில் எழுதப்பட்டன. காகிதத்தை எழுதியது அரண்மனைக் கணக்கர்; பெற்றவர் தமிழராகவோ தெலுங்கராகவோ இருக்கலாம். சரசுவதி மகால் நூலகத்தில் மோடி ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன, அங்கே கேட்டால் படிக்கத் தெரிந்தவரைக் காட்டுவார்கள். அதுவரை காகிதத்தை லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், கெட்டுவிடும்.

கேள்வி: நாங்கள் மலேசியத் தமிழர்கள். விளையாட்டாக நானும் அண்ணனும் மரபணுச் சோதனை செய்தோம். எனக்கு 28 சதவீதம் சீனம், அண்ணனுக்கு 21 என்று வந்தது. அம்மாவிடம் சொன்னேன். 'பாட்டியைத் தோட்டத்தில் எடுத்து வளர்த்தார்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அழுதார். பாட்டி நிறமாக இருப்பார், ஆனால் எங்களுக்கு அவர் அசல் தமிழ்ப் பாட்டிதான். மாரியம்மனுக்குத் தீ மிதித்தவர். ஏன் எனக்கும் அண்ணனுக்கும் கணக்கு வேறாக வருகிறது? பாட்டியைப் பெற்றவர்களைக் கண்டுபிடிக்க முடியுமா? – வாசகி, ஈப்போ

பதில்: மகளே, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அம்மாவிடமிருந்து உங்களுக்குப் பாதி, அப்பாவிடமிருந்து பாதி. இது மாறாது. ஆனால் அம்மா தரும் அந்தப் பாதிக்குள் தாத்தா எவ்வளவு, பாட்டி எவ்வளவு என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறாக விழும். சராசரி 25, சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். பாட்டியைப் பெற்றவர்கள் இருவருமே சீனர்கள் என்பதோடு உங்கள் இருவர் கணக்கும் ஒத்துப்போகிறது. தாய்வழியாக மட்டும் இறங்குகிற ஒரு மரபணுவும் உண்டு. பாட்டி அம்மாவுக்குத் தந்து, அம்மா உங்கள் இருவருக்கும் தந்தது. அண்ணனிடம் அது அவரோடு நின்றுவிடும். உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களுக்கும் போகும்.

மலாயாவில் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தையைத் தமிழர் வீட்டில் கொடுத்தது பரவலாக நடந்த ஒன்று. வறுமை, ஏற்கெனவே நிறையப் பெண்கள், பிறந்த நேரம் ஆகாது என்ற ஜோசியம் என்று காரணங்கள் பல. ஜப்பான்காரன் காலத்தில், 1941 கடைசியிலிருந்து 1945 வரை, சீனர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. குழந்தையாவது பிழைக்கட்டும் என்று கொடுத்தவர்களும் இருந்தார்கள். வாங்கியவர்களோ தோட்டத்துச் சம்பளத்தில் தாங்களே அரை வயிற்றுக்குச் சாப்பிட்டவர்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான அந்த லயத்தில் ஒரு குழந்தையை எடுத்து, தமிழ்ப் பெயர் வைத்து, காது குத்தி, கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாய்மார்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது. உங்கள் பாட்டி அசல் தமிழ்ப் பாட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

பெற்றவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம், முடியாதது இல்லை. மலாயாவில் தத்தெடுப்பைப் பதிவு செய்யும் சட்டம் 1952இல்தான் வந்தது. அதற்கு முன்னால் கை மாறிய குழந்தைகளுக்குப் பல நேரம் தாளே கிடையாது. வளர்த்தவர்களே பெற்றவர்களாகப் பதிந்திருப்பார்கள். பாட்டியின் பெட்டியில் சீன எழுத்துள்ள எந்தத் துண்டுக் காகிதம் இருந்தாலும் பத்திரம். தோட்டத்தின் பெயர், பக்கத்துச் சீனக் கடைத்தெரு எது, குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்த ஆள் யார் என்ற மூன்றையும் அம்மாவிடம் கேளுங்கள். ரப்பர்ப் பால் வெட்டுக் காட்டுக்கு மீன் விற்க வந்தவர், மருத்துவச்சி, மளிகைக்கடைக்காரர் என்று யாராவது ஒரு இடையாள் இருந்திருப்பார்.

மரபணு நிறுவனம் தரும் உறவினர் பட்டியலில் சீனப் பெயர்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். சதவீதக் கணக்கை விட அந்தப் பட்டியல்தான் உதவும். தமிழ்ப் பக்கத்து உறவுகளைப் பார்க்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: நம்மிடம் அத்தை மகன், மாமன் மகள், சில வீட்டில் தாய்மாமனையே கட்டுகிற வழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. அதனால் தூரத்துச் சொந்தம்கூட நெருங்கிய சொந்தம்போல் காட்டும். 'மூன்றாம் கஸின்' என்று வந்தால் இன்னும் ஓரிரு தலைமுறை தள்ளியே நினைத்துக்கொள்ளுங்கள். சீனப் பக்கத்தில் இந்தக் குழப்பம் குறைவு.

விவரங்களின் பாதுகாப்பையும் யோசியுங்கள். டுவென்டிதிரீ-அண்ட்-மீ என்ற பெரிய நிறுவனத்திலிருந்து 2023இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. தேவையானதை இறக்கி வைத்துக்கொண்டு, மாதிரியையும் விவரத்தையும் அழிக்கச் சொல்லும் வசதி உங்கள் நிறுவனத்தில் எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

வம்சவழிப் படம் வரையும்போது பாட்டிக்கு மேலே இரண்டு கிளை போடுங்கள். ஒன்று வளர்த்தவர்கள், பெயரோடு. மற்றது பெற்றவர்கள், பெயர் தெரிகிறவரை காலியாக. அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். அவர் அழுதது வெட்கத்தால் இருக்காது என்று நினைக்கிறேன். பாட்டி இருந்தபோது யாரும் இதைப் பற்றிப் பேசவில்லையே என்ற ஆற்றாமையாக இருக்கலாம்.

கேள்வி: பூர்வீக நிலத்தின் வழக்குக்காக எழும்பூர் ஆவணக் காப்பகத்திலிருந்து இனாம் (மானிய நில) பதிவேட்டு நகல் வாங்கினோம். நிலம் எங்கள் கொள்ளுத்தாத்தா சம்பாதித்தது என்றுதான் நினைத்திருந்தோம். பதிவேட்டில் அவருடைய பாட்டி பெயர் இருக்கிறது, கோயில் தாசி என்று. மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். அண்ணன் நகலைக் கிழித்துப் போடச் சொல்கிறார். என் மனம் ஒப்பவில்லை. – வாசகி, மயிலாடுதுறை

பதில்: கிழிக்காதீர்கள். கிழித்தாலும் பயன் இல்லை. மூலம் எழும்பூரில் பத்திரமாக இருக்கிறது.

1858இல் இனாம் கமிஷன் வைத்து, அடுத்து வந்த வருடங்களில் ஊர் ஊராக விசாரித்து எழுதிய பதிவேடு அது. நிலம் எவ்வளவு, யார் எப்போது கொடுத்தார்கள், எதற்காக, இப்போது யார் கையில், அவர் வயது என்ன என்று கலம் கலமாகக் கேட்டு எழுதினார்கள். அந்தக் காலத்து நில ஆவணங்களில் பெண் பெயர் வந்தாலே அவள் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய விதவையாகவோ தாயாகவோதான் வருவாள். கோயில் சேவைக்கு மானியம் பெற்ற பெண்களோ தங்கள் பெயரிலேயே நிலம் வைத்திருந்தார்கள். அது மகளுக்கும் சுவீகார மகளுக்கும் இறங்கியது. உங்கள் குடும்பத்துச் சொத்துக்கு மூலம் ஒரு பெண். பின்னால் வந்தவர்கள் அதை ஒரு தாத்தாவின் சம்பாத்தியமாக மாற்றிச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாழ்க்கையைப் பூசி மெழுகி எழுத எனக்கு விருப்பமில்லை. விவரம் தெரியாத வயதில் பொட்டுக் கட்டி, கோயிலுக்கு விடப்பட்ட குழந்தைகளின் துயரம் நிஜம். அதை நிறுத்தப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரே அந்தக் குலத்தில் பிறந்தவர். முத்துலட்சுமி 1927இல் சட்டமன்றத்துக்குப் போய் அந்தப் பெண்களுக்காகப் பேசினார். 1929இல் வந்த சட்டத் திருத்தம் சேவைக் கட்டாயத்திலிருந்து அந்த மானிய நிலங்களை விடுவித்து, அனுபவித்து வந்த பெண்களிடமே விட்டது. பொட்டுக் கட்டுவதை 1947இல் சட்டம் தடை செய்தது. உங்கள் வழக்குக்கே இந்த 1929 விவகாரம் தேவைப்படலாம். வக்கீலிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

வரன் பார்க்கிற இடத்தில் நாலு தலைமுறைக் கதையை யாரும் கேட்கப்போவதில்லை. நீங்களாகச் சொல்லவும் கடமை இல்லை. ஆனால் மகளிடம் சொல்லிவிடுங்கள். வளர்ந்த பெண், அவளுக்குத் தெரிய உரிமை உண்டு. அண்ணனுக்குக் கோபம் வந்தால் வரட்டும். அவர் இன்றைக்கு உழுகிற நிலம் எப்படி வந்தது என்று ஒருமுறை அந்தக் கலத்தைப் படித்துக் காட்டுங்கள்.

பதிவேட்டில் பட்டய எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, நிலம் எந்தக் கோயில் சேவைக்கு என்ற கலத்தில் உள்ள கோயிலுக்கு ஒருமுறை மகளோடு போய் வாருங்கள். சுவரில் கல்வெட்டு இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.